கோமதியின் புதுப் பள்ளிக்கூடம்

சங்கரன்கோவிலில் சைக்கிள் கடை வைத்திருந்த சங்கரபாண்டி, கடையை விற்றுவிட்டு மனைவி ஆவுடையையும் மகள் கோமதியையும் கூட்டிக்கொண்டு திருச்சி உறையூருக்குக் குடிவந்தார். அங்கே அவருக்கு வேலையும் இல்லை, சொந்தபந்தமும் இல்லை. பூரணி அம்மாள் இருந்தார். அதற்காகவே வந்தார்.

பூரணி அம்மாள் அவரைவிட ஓரிரு வயது இளையவர். காவி கட்டியவரல்ல. காலையில் தன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்காருவார். வருகிறவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்வார். தெரியாததைத் தெரியாது என்பார். சங்கரபாண்டி பல வருடங்களாக பஸ் ஏறி வந்து அந்தப் பாயில் உட்கார்ந்துவிட்டுப் போவார். ஊர் திரும்பினால் கடையில் கை ஓடாது. கடைசியில் ஊரையே விட்டு வந்துவிட்டார்.

பள்ளிக்கூடங்கள் திறந்த பிறகும் கோமதி வீட்டிலேயே இருந்தாள். "பிள்ளைய எங்கயாவது சேத்து விடுங்க" என்று ஆவுடை சொல்லிக்கொண்டே இருந்தாள். சங்கரபாண்டியின் மனதில் வேறு எண்ணம் இருந்தது.

ஒருநாள் பூரணி அம்மாளின் கூடத்திலிருந்து எல்லோரும் எழுந்து போன பிறகு அவர் தயங்கி நின்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"பிள்ளைய பள்ளிக்கூடத்துல சேக்கணுமா, இல்ல உங்ககிட்டயே விட்டுரலாமா? உங்க பக்கத்துல இருந்தா, எனக்கு இந்த வயசுல புரிஞ்சது அவளுக்கு இப்பமே புரிஞ்சிரும்."

"அவ என்ன சொல்றா?"

"அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. தங்கமான பிள்ளை. இங்க வந்ததுல இருந்து அதிகம் வாயே தொறக்கிறதில்ல."

பூரணி அம்மாள் பாயைச் சுருட்டினார்.

"நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் கோமதி அப்பாவின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எண்ணெய் வைத்து வாரிய தலை. அசையவே இல்லை. சங்கரபாண்டிக்குப் பெருமையாக இருந்தது.

பேச்சு பாதியில் இருந்தபோது ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் சீருடையில் பள்ளிக்கூடம் போனார்கள். ஒருத்தியின் பையை இன்னொருத்தி பிடித்து இழுத்தாள். கோமதியின் தலை அவர்கள் போகும் பக்கமாகவே திரும்பியது. கடைசிப் பிள்ளை மறைந்த பிறகும் அவள் பார்வையை எடுக்கவில்லை.

பூரணி அம்மாள் பேச்சை நிறுத்தினார்.

"இன்னிக்கு இவ்வளவு போதும்" என்று எழுந்து செருப்பை மாட்டினார். "சங்கரபாண்டி, வாங்க. பாப்பாவையும் கூட்டிக்குங்க."

எங்கே என்று கேட்க அவருக்குத் துணிவில்லை. பின்னாலேயே நடந்தார்.

அவர்கள் போய் நின்றது மாநகராட்சி நடுநிலைப் பள்ளி. தலைமை ஆசிரியர் ரெஜினா மேரி அவர்களை உட்காரச் சொன்னார்.

"டி.சி. வாங்கலையே டீச்சர்" என்றார் சங்கரபாண்டி. அதைச் சாக்காக வைத்துத் திரும்பிவிடலாம் என்று உள்ளூர ஒரு நினைப்பு.

"பரவாயில்ல. பழைய ஸ்கூலுக்கு நானே போன் பண்றேன். அவங்க கம்ப்யூட்டர்ல பாப்பா பேரை விடுவிச்சா போதும்." பிறகு ரெஜினா டீச்சர் கோமதியின் பக்கம் திரும்பினார். "என்ன கிளாஸ்டா?"

"அஞ்சு."

"அங்க உன் கூட்டாளி யாரு?"

கோமதி நிமிர்ந்தாள். ஊர் மாறி வந்த பிறகு அவளிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

"முப்பிடாதி" என்றாள். "லீவு முடிஞ்சதும் வந்துருவேன்னு சொல்லிட்டு வந்தேன். அவ எனக்கு எடம் புடிச்சு வச்சிருப்பா. ஜன்னல் பக்கத்துல."

ரெஜினா டீச்சர் சேர்க்கைப் படிவத்தை எடுத்தார்.

"டீச்சர், இங்க சேந்தா திரும்பப் போக முடியாதா?"

ரெஜினா டீச்சர் சங்கரபாண்டியைப் பார்த்தார். அவர் பூரணி அம்மாளைப் பார்த்தார். பூரணி அம்மாள் ஜன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுச் சாமானை லாரியில் ஏற்றியபோது, "எதுக்குப்பா எல்லாத்தையும் ஏத்துதீங்க?" என்று கோமதி கேட்டிருந்தாள். "காவேரி பாக்கப் போறோம்" என்று சங்கரபாண்டி சொல்லியிருந்தார். காவிரியைக் காட்டவும் செய்தார். அதோடு மறந்துபோனார்.

அவர் நாற்காலியிலிருந்து இறங்கி மகளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"போக முடியாது, தாயி. கடையையும் வித்தாச்சு, வீட்டையும் காலி பண்ணியாச்சு. அப்பா உன்கிட்ட சொல்லல. சொல்லியிருக்கணும்."

கோமதி அழாமல் கேட்டாள்.

"அப்பம் முப்பிடாதிகிட்ட யாரு சொல்லுவா?"

ரெஜினா டீச்சர் போனை எடுத்தார். சங்கரன்கோவில் பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் விவரம் சொன்னார். பிறகு, "சார், அஞ்சாம் கிளாஸ்ல முப்பிடாதின்னு ஒரு பொண்ணு இருக்காம். ரெண்டு நிமிஷம் கூப்பிட முடியுமா?" என்று கேட்டுவிட்டுப் போனைக் கோமதியிடம் கொடுத்தார்.

கோமதி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"ஏட்டி, நான்தான். நான் வரமாட்டேன்... இல்ல, எப்பவுமே. எங்கப்பா சொல்லிட்டாங்க. ஜன்னல் பக்கம் நீயே இருந்துக்கோ." அந்தப் பக்கத்திலிருந்து நிறைய நேரம் பேச்சு வந்தது. "நீ அழாத. நீ அழுதா எனக்கும் வருது" என்று சொல்லும்போதே அவள் அழுதாள்.

சங்கரபாண்டி தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அழுது முடித்ததும் கோமதி போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ரெஜினா டீச்சர் அவளை வகுப்புக்குக் கூட்டிப்போனார். கதவு திறந்ததும் நாலைந்து குரல்கள் ஒன்றாகக் கேட்டன: "உன் பேரு என்ன?" கோமதி சொன்ன பதில் அறையில் இருந்த இருவருக்கும் கேட்கவில்லை.

பூரணி அம்மாளும் சங்கரபாண்டியும் வெளியே வந்தார்கள். தெருமுனை வரைக்கும் சங்கரபாண்டி பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"அம்மா, எத்தனையோ பேருக்கு நீங்க சொல்லித் தாரீங்க. என் பிள்ளைக்கு மட்டும் ஏன் மாட்டேன்னீங்க?"

"மாட்டேன்னு நான் சொல்லலையே."

"பின்ன?"

பூரணி அம்மாள் நின்றார்.

"நீங்க என்னைத் தேடி இந்த ஊருக்கு வந்தீங்க. அவ யாரைத் தேடி வந்தா?"