நோட்டின் ஓரம்

“கீபோர்டு செத்துப்போச்சுங்க அம்மிணி” என்றார் அர்த்தநாரி.

ரிஸ்வானா நிமிர்ந்து பார்த்தாள்.

“ரகசியச் சொல்லக் குடுன்னு கேக்குது. நானும் அடிக்கறேன், அடிக்கறேன், திரையில ஒரு எழுத்துக்கூட வரமாட்டேங்குது. குத்திக்கூடப் பாத்துட்டேனுங்க.”

குத்தியது உண்மைதான். கீழே உரக்கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்களே ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார்கள்.

அர்த்தநாரிக்கு ஐம்பத்து மூன்று வயது. தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் நூலகர். ரிஸ்வானாவுக்கு இருபத்தெட்டு. உரக்கடை மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பழுது வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, கேட்டு வருகிறவர்களுக்கு லினக்ஸ் என்னும் இலவச சிஸ்டம் போடக் கற்றுக்கொடுப்பாள். காசு வாங்கமாட்டாள். யாருடைய கீபோர்டையும் தொடமாட்டாள்.

வாயையும் அதிகம் திறக்கமாட்டாள். அதுதான் அர்த்தநாரிக்குப் பெரிய குறை.

மேஜைமேல் இருந்த நீள நோட்டை அவர் பக்கம் திருப்பி, ஓரத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

அந்த நோட்டுதான் அங்கே பாடப்புத்தகம். நடுவில், அடிக்க வேண்டிய கட்டளைகள் வரிசையாக ரிஸ்வானாவின் கையெழுத்தில் இருக்கும். சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம், ஓரத்தில், வேறு வேறு கையெழுத்தில் குட்டிக் குட்டி வரிகள். கற்றுக்கொண்டு போகிற ஒவ்வொருவரும், தான் தடுக்கி விழுந்த இடத்துக்கு நேராக ஒரு வரி எழுதி, பேரும் ஊரும் போட்டுவிட்டுப் போக வேண்டும். அவள் கேட்கிற தட்சிணை அவ்வளவுதான். ஜெயித்த கதையை எழுத அந்த நோட்டில் இடம் கிடையாது.

சில வரிகளுக்குப் பக்கத்தில் புள்ளிகள் இருந்தன. நீலம், கறுப்பு, பச்சை. பேனா எழுதுகிறதா என்று யாரோ வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தநாரி நினைத்துக்கொண்டார். நூலகர் அல்லவா, நோட்டுப் புத்தகத்தில் கிறுக்குகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

விரல் இருந்த இடத்தில் இப்படி எழுதியிருந்தது:

‘ரகசியச் சொல் அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது. கீபோர்டு சாகவில்லை. நான் புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன். டென்னிஸ், மணப்பாறை.’

அர்த்தநாரி அதை இரண்டு தரம் படித்தார்.

“இத முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே.”

“சொல்லித்தான் வெச்சிருக்காருங்க சார்.”

அவர் மறுபடி கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“ஏனுங்க அம்மிணி, மவுஸால நாலு தட்டு தட்டுனா தானா ஏறிக்குமாமே. எங்க அக்கா பையன் சொன்னான். எனக்கு மட்டும் எதுக்கு இந்தக் கறுப்புத் திரை?”

“அந்தப் படமெல்லாம் காட்ட உங்க மெஷினுக்குத் தெம்பு இல்லீங்க. எழுத்துன்னா தாங்கும்.”

நூலகத்தில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் அது. வயது பதினொன்று. பழைய சிஸ்டம் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, சித்திரை மாதத்தில் நின்றேவிட்டது. ஓடாத சாமான்களை அள்ளிப்போகப் புதன்கிழமை லாரி வரும் என்று மேலிடத்திலிருந்து கடிதமும் வந்துவிட்டது. அதற்குள் ஓடினால் கம்ப்யூட்டர் நூலகத்திலேயே இருக்கும். இல்லாவிட்டால் லாரியில் ஏறிவிடும்.

அதை நம்பி ஊரில் நான்கு பேர் இருந்தார்கள். காலையில் கதவு திறக்கும் முன்பே வந்து நின்று, போட்டித் தேர்வு வினாத்தாள்களை அதில் திறந்து படிக்கிறவர்கள். கோகிலவாணி என்று ஒருத்தி, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருவாள். வயது வரம்புப்படி அடுத்த மாதத் தேர்வுதான் அவளுக்குக் கடைசி.

அந்த வினாத்தாள்கள் எட்டு வருடமாக அர்த்தநாரி தன் கையால் ஸ்கேன் செய்து சேர்த்தவை. உள்ளங்கை அகலத்தில் ஒரு தனி டிஸ்கில், ரப்பர் பேண்டு போட்டு, பீரோவில் வைத்திருந்தார். வேறு நகல் கிடையாது.

மாலை நாலு மணிக்கு எல்லாம் ஏறி முடிந்தது. அர்த்தநாரி பெருமூச்சு விட்டு, மெஷினை நிறுத்தி, மறுபடி போட்டார்.

கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

ரிஸ்வானா நோட்டைத் திருப்பினாள். விரலை வைத்தாள்.

‘பூட்லோடர் போடாமல் அணைத்துவிட்டேன். உள்ளே எல்லாம் இருந்தது, தட்டி எழுப்பத்தான் ஆள் இல்லை. இன்பசேகரன், வெள்ளகோவில்.’

அர்த்தநாரிக்குக் கோபம் வந்துவிட்டது.

“என்னங்க இது, நான் பண்ற கூத்தெல்லாம் முன்கூட்டியே எழுதி வெச்சிருக்குது. நோட்டா, என் ஜாதகமா?”

அன்றைக்கு முதல் தடவையாக ரிஸ்வானா சிரித்தாள்.

“மறுபடி மொதல்லருந்து வரோணுமா?”

“வேண்டியதில்லீங்க. அந்த ஒண்ணை மட்டும் போட்டாப் போதும். ஆனா நீங்க மொதல்லருந்துதான் செய்வீங்க.”

“அதெப்படிச் சொல்றீங்க?”

“எல்லாருமே அப்படித்தாங்க சார்.”

மெஷினை ஸ்கூட்டரில் கட்ட அவளே கயிறு எடுத்துக் கொடுத்தாள். நோட்டையும் அவர் பையில் வைத்தாள்.

“நடுப்பக்கம் உங்களுக்கு மனப்பாடமே ஆயிருக்கும். ஓரத்தை மட்டும் படிங்க.”

செவ்வாய்க்கிழமை மதியம் நூலகத்தில் அர்த்தநாரி முதலிலிருந்துதான் ஆரம்பித்தார்.

மெஷின் தன்னிடம் இருக்கிற டிஸ்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று தானே பேர் வைத்துக்கொள்ளும். ஞாயிறன்று உள்ளே இருந்த டிஸ்கின் பேர் எஸ்டிஏ. அதைத் துடைத்து அழித்துவிட்டுத்தான் புது சிஸ்டத்தைப் போட வேண்டும். மறந்துவிடக் கூடாதென்று அந்தப் பேரை ஒரு பழைய உறுப்பினர் அட்டையின் பின்பக்கம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரு யோசனையும் செய்தார். வினாத்தாள் டிஸ்கை இப்போதே செருகி வைத்துவிட்டால், சிஸ்டம் ஏறிய கையோடு காப்பி செய்துவிடலாம். பீரோவைத் திறந்தார். ரப்பர் பேண்டைக் கழற்றினார். செருகினார். மெஷினைப் போட்டார்.

அழிக்கும் கட்டளை வந்தது. அட்டையைப் பார்த்தார். எஸ்டிஏ என்று அடித்தார்.

இதில் உள்ளது அனைத்தும் அழிந்துவிடும், சம்மதமா என்று மெஷின் இங்கிலீஷில் கேட்டது. ஞாயிறன்றும் இதே கேள்வியைத்தான் கேட்டது. சம்மதத்துக்கு ஒய் என்று அடித்தார். விரல் எண்டர் மேல் போயிற்று.

அப்போது ரிஸ்வானாவின் விரல் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு தடவை ஓரத்தைக் காட்டி உட்கார வைக்கப்பட்ட மனிதர் யார்தான் மூன்றாவது தடவைக்கு ஆசைப்படுவார். எரிச்சலோடுதான் நோட்டைப் பார்த்தார்.

‘நேற்றுப் பார்த்த பேரை இன்று நம்பாதீர்கள். கூட ஒரு டிஸ்க் இருந்தால் பேர் இடம் மாறும். அளவைப் பார்த்துவிட்டுத் தட்டுங்கள். முத்தழகி, அரவக்குறிச்சி.’

சூடான தோசைக்கல்லில் பட்டதுபோல் விரலை எடுத்தார். அடித்ததை அழித்தார். டிஸ்குகளை அளவோடு பட்டியல் போடச் சொல்லி மெஷினைக் கேட்டார்.

உள்ளே இருந்த டிஸ்க் ஐந்நூறு ஜிபி. எஸ்டிஏவுக்கு நேராக ஆயிரம் என்று இருந்தது.

எஸ்டிஏ என்ற பேரில் உட்கார்ந்திருந்தது வினாத்தாள் டிஸ்க்.

அர்த்தநாரி எழுந்துபோய்க் குடத்தில் தண்ணீர் மோந்து குடித்தார். பாதி சட்டைமேல் கொட்டியது.

பத்திரிகை படித்துக்கொண்டிருந்த கோகிலவாணி தலையைத் தூக்கினாள். “என்னாச்சுங்க சார்? இப்படி வேர்த்திருக்குது?”

“ஒண்ணுமில்ல கண்ணு.”

டிஸ்கைப் பிடுங்கினார். ரப்பர் பேண்டை மறுபடி போட்டு அவள் கையில் கொடுத்தார்.

“வேல முடியற வரைக்கும் இதக் கையில வெச்சிரு. கீழ வெக்காத.”

“என்னதுங்க இது?”

“நீ படிக்கறதுதான்.”

பிறகு மெஷினை நிறுத்திப் போட்டு, அளவைப் பார்த்து, மறுபடியும் அளவைப் பார்த்து, எண்டரைத் தட்டினார்.

ஐந்தரை மணிக்குத் திரையில் நூலகத்தின் பேர் வந்து நின்றது. ரகசியச் சொல்லை இருட்டிலேயே அடித்தார். திறந்துகொண்டது.

புதன்கிழமை லாரி வந்தது. சாமான் ஏற்ற வந்தவர்கள் எட்டிப் பார்த்தபோது, கோகிலவாணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விடை குறித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் கால் உடைந்த நாற்காலிகளையும் ஒரு மின்விசிறியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வியாழக்கிழமை அர்த்தநாரி ஒரு சீப்பு செவ்வாழையும் நோட்டுமாக உரக்கடை மாடி ஏறினார்.

“ஓடுதுங்களா சார்?”

“ஓடுதுங்க.” வாழைப்பழத்தை மேஜையில் வைத்தார். “முத்தழகின்னு எழுதியிருக்குதே, அது யாருங்க?”

“அரவக்குறிச்சியில போட்டோ ஸ்டுடியோ வெச்சிருக்காங்க. நீங்க உக்காந்த நாற்காலியிலதான் உக்காந்து கத்துக்கிட்டாங்க.”

“அவங்களும் என்னாட்டவே எண்டர் தட்டப் போயிட்டாங்களா?”

“தட்டிட்டாங்க.”

அர்த்தநாரி நிமிர்ந்தார்.

“நாலு வருஷத்துக் கல்யாணப் படமெல்லாம் அதுலதான் இருந்துச்சு. ஒண்ணுகூடத் திரும்ப வரல.”

“ஓரத்தைப் படிக்கலீங்களா?”

“அப்போ ஓரத்துல அந்த வரி இல்லீங்க சார்.”

கீழே உரக்கடையில் யாரோ மூட்டையைத் தொப்பென்று போட்டார்கள்.

முகம்கூடத் தெரியாத ஒருத்தியை நினைத்து அர்த்தநாரிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அழுதுவிடுவோமோ என்றுகூடப் பயந்தார். எல்லாம் போன பிறகும் இதே நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்து வருகிறவனுக்காகக் குண்டு குண்டு எழுத்தில் எழுதியிருக்கிறாள்.

“நீங்க எழுத வேண்டியது இருக்குதுங்க” என்று ரிஸ்வானா பேனாவை நீட்டினாள்.

அவர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். டென்னிஸ் இருந்தார். இன்பசேகரன் இருந்தார். முத்தழகி இருந்தாள். கடைசிப் பக்கம்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

“எனக்கு எழுத ஒண்ணுமே இல்லீங்க டீச்சர்” என்றார். அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “நான் பண்ணுன தப்பெல்லாம் எனக்கு முன்னாடியே யாரோ பண்ணிட்டாங்க.”

ரிஸ்வானா நோட்டை வாங்கி, முத்தழகியின் பக்கத்தைத் திறந்து, அவர் பக்கம் திருப்பினாள். வரியின்மேல் விரலை வைக்கவில்லை. வரிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

புள்ளிகள். நீலத்தில் நான்கு, கறுப்பில் மூன்று, பச்சையில் இரண்டு.

அர்த்தநாரி ஒவ்வொன்றாக எண்ணினார்.

“இவங்கெல்லாம் எண்டர் மேல வெச்ச விரல எடுத்தவங்களா?”

ரிஸ்வானா தலையை ஆட்டினாள். “முத்தழகி அக்கா ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் பண்ணுவாங்க. எத்தனை ஆச்சுன்னு கேப்பாங்க.”

முப்பது வருடத்தில் ஒரு புத்தகத்திலும் பேனா வைக்காத அர்த்தநாரி, மூடியைக் கழற்றி, மற்றவற்றின்மேல் பட்டுவிடாமல் பார்த்துப் பார்த்து, ஒரு புள்ளி வைத்தார்.

“பத்துன்னு சொல்லுங்க.”