சிம்மாசனத்தில் போட்ட துண்டு

மின்சாரக் கார் ஓடுகிற காலத்தில் ராஜா ஏது என்று கேட்காதீர்கள். கொன்றைமங்கலத்தில் இருந்தார். பெயர் மகுடேஸ்வர ராஜா. மீசை முழ நீளம். பொறுமை அதைவிட நீளம். அந்தப் பொறுமைதான் ராணி செண்பகவல்லியின் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தது.

அரண்மனையின் பழைய கார் படுத்து இரண்டு வருஷமாயிற்று. பின் சீட்டில் கோழி அடைகாத்தது. மகள் யமுனாவைக் கட்டிக் கொடுத்ததோ நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளி, ஆலங்கோட்டையில். வாடகைக் காரில் போகலாமென்றால், ராஜா அப்படிப் போவாரா?

முதலில் ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் முந்நூறு கிலோமீட்டர் ஓடுகிற மின்சாரக் கார் வந்தது.

"போக வர முந்நூற்றறுபது ஆகிறதே! சம்பந்தி வீட்டில் போய்க் கரண்டு கேட்டு நிற்பதா? பெண் கொடுத்த இடத்தில் கை நீட்டினால் கௌரவம் என்னாவது?" என்றார் ராஜா.

ராணி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். அப்புறம் நானூறு ஓடுகிற கார் வந்தது. கடைத்தெருவில் பளபளவென்று நின்றது. ராணி பெட்டியில் புடவையே அடுக்கிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து திவான் சபாரத்தினம் மூச்சிரைக்க ஓடி வந்தார். ராஜாவின் காதுக்கு இனிப்பாக எதையாவது ஊதுவதுதான் அவருக்கு உத்தியோகம்.

"அவசரப்படாதீர்கள் பிரபு! தை மாதம் எழுநூறு ஓடுகிற கார் வருகிறதாம்!"

"அப்படியா! காத்திருப்போம்!"

ராணிக்கு வந்ததே கோபம்! "என்ன காத்திருப்பது? இந்த ஐப்பசியிலேயே, வருகிற வெள்ளிக்கிழமை யமுனாவுக்கு வளைகாப்பு. ஒன்பதாம் மாதம். வேறு முகூர்த்தமே கிடையாது. தையில் போனால் வளையலைக் குழந்தைக்குத்தான் போட வேண்டும்!"

"பெண்களுக்கு இதெல்லாம் புரியாது" என்றார் ராஜா. அப்படிச் சொன்ன ஆண்பிள்ளை எவனாவது உருப்பட்டிருக்கிறானா?

ராணி நேரே விகடகவி தாண்டவராயரிடம் போனாள். அரசவையில் ராஜாவைக் கிண்டல் செய்தும் தலை தப்பிய ஒரே ஆள் அவர்தான்.

"தாண்டவராயரே, தலைப்பிள்ளைக்காரி. தாய் வந்து முதல் வளையல் போடவில்லையென்றால் அவள் முகம் என்னத்துக்கு ஆகும்? வெள்ளிக்கு இன்னும் மூன்றே நாள்."

தாண்டவராயருக்குச் சங்கடமாகிவிட்டது. ராணி கண் கலங்கி அவர் பார்த்ததே இல்லை. திட்டித்தான் பார்த்திருக்கிறார். "நான் பார்த்துக்கொள்கிறேன் அம்மா" என்று சபைக்குக் கிளம்பினார்.

அவரைக் கண்டதும் ராஜா முந்திக்கொண்டார். "ராணி அனுப்பினாளா? நீரே சொல்லும். மேலானது ஒன்று வருகிறது என்று தெரிந்தும் இருப்பதை எடுத்துக்கொள்பவன் முட்டாள்தானே?"

"ஆகா! இதைப் போய் நாலு சுவருக்குள் சொல்கிறீர்களே. சட்டமாகவே போட்டுவிடுங்கள் மகாராஜா. ஊரில் முட்டாளே இருக்க மாட்டான்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. திவான் எழுதினார், ராஜா முத்திரை வைத்தார், சாயங்காலமே தண்டோரா போட்டாயிற்று.

மறுநாள் காலை ராஜா கொலுமண்டபத்துக்குள் நுழைந்தார். கட்டியக்காரன் "ராஜாதி ராஜ" என்று ஆரம்பிக்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான். தாண்டவராயர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. என்னடா இது என்று சிம்மாசனத்தருகே போனால், அதன் மேல் ஒரு துண்டு! பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடிப்போமே, அதே மாதிரி, நட்டநடுவில்.

"யாருடைய துண்டு இது?"

"என்னுடையதுதான் மகாராஜா. ஆனால் இடம் எனக்கில்லை. வரப்போகிறவருக்குப் பிடித்து வைத்திருக்கிறேன்."

"வரப்போகிறவரா! எவன் அவன்?"

"அவனோ அவளோ தெரியாது. உங்கள் பேரக்குழந்தை. கார்த்திகையில் வருகிறது."

திவான் குதித்தார். "ராஜத் துரோகம்! பிரபு, இவரைக் கொட்டடியில் போடுங்கள்!"

"சட்டத்தை எழுதியவரே இப்படிப் பேசலாமா திவானே?" தாண்டவராயர் விரலை மடக்கினார். "தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்கிறார்கள். மகாராஜா எட்டடி. யமுனாதேவி பதினாறடி. அவர் வயிற்றுக் குழந்தை முப்பத்திரண்டு! முப்பத்திரண்டு அடி வருகிறது என்று தெரிந்தும் எட்டடிக்கு எழுந்து நின்று கும்பிட்டால் நான் முட்டாளாகிவிட மாட்டேனா?"

ராஜாவின் கை உடைவாளுக்குப் போயிற்று. தாண்டவராயருக்கு முதுகில் வேர்த்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"அட அறிவுக்கொழுந்தே! அது இன்னும் பிறக்கவே இல்லை! பிறந்து, நடந்து, வளர்ந்து வரும்வரை இந்த நாட்டை யார் ஆள்வது?"

"அதையேதான் மகாராணியும் கேட்கிறார். அந்தக் கார் இன்னும் பிறக்கவே இல்லை. அது வரும்வரை மகள் வீட்டுக்கு எதில் போவது?"

ராஜா துண்டைப் பார்த்தார், தாண்டவராயரைப் பார்த்தார். கை வாளைவிட்டு மீசைக்குப் போயிற்று. மீசை துடித்தது, தோள் குலுங்கியது, அப்புறம் வந்தது பாருங்கள் சிரிப்பு, மாடத்துப் புறாவெல்லாம் பறந்துவிட்டது.

"சட்டத்தைக் கிழித்துப் போடும்! நானூறு ஓடுகிற அந்தக் காரை இப்போதே வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லும். ராணியை... அவள் எங்கே?"

"பெட்டியோடு வாசலில்தான் நிற்கிறார் மகாராஜா. விடிந்ததிலிருந்து."

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றித் தாண்டவராயர் கழுத்தில் போட்டார். போட்ட பிறகும் அந்தப் பழைய புத்தி விட்டால்தானே? காதோடு காதாகக் கேட்டார்: "ஏனய்யா, இதை வாங்கிய மறுநாளே அந்த எழுநூறு வந்து நின்றுவிட்டால்?"

"வரட்டுமே மகாராஜா. பேரக்குழந்தை பிறந்த மறுநாளே உங்களை அந்தப் பழைய கார் மாதிரி கோழி அடைகாக்கவா விட்டுவிடுவோம்?"