இரண்டாமவன் முறை

ஒரு சமயம், பதினான்கு வருடம் ரொட்டி வேனை இழுத்த எஞ்சின் ஒன்றுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆகும் யோகம் அடித்தது.

பல்லடத்தில் கோழித்தீவனக் கடை வைத்திருந்த சென்னியப்பனின் வீட்டு கார் ஷெட்டில் அது நடந்தது. புனேயிலிருந்து பதினொரு பெட்டிகளில் ஒரு கார் துண்டு துண்டாக வந்திறங்கியிருந்தது. இரும்புச் சட்டம், சக்கரங்கள், ஸ்டீயரிங், மாம்பழ மஞ்சளில் ஃபைபர் உடம்பு, கூடவே தடித்த புத்தகம் ஒன்று. எஞ்சினை மட்டும் அவரவர் தேடிக்கொள்ள வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. சென்னியப்பன் தேடிப் பிடித்தது ரொட்டி வேனுடையதை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு இருவர் சேர்ந்துகொள்வார்கள். பெனாசிர் பல் டாக்டர். கோதண்டபாணி திருப்பூர் ரயில் நிலையத்தில் முன்பதிவு கவுண்டரில் உட்காருபவர். மூவரில் ஒருவரும் மெக்கானிக் இல்லை. அதனால்தானோ என்னவோ மூவருக்கும் அத்தனை ஆசை. ஏழு மாதத்தில் கார் முழு உருவம் பெற்றுவிட்டது. எஞ்சின் உயிர்பெறுவது மட்டும்தான் பாக்கி.

எஞ்சினின் தலையில் நான்கு பிளக்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவரவர் அறையில் நெருப்பு வைப்பது அவரவர் வேலை. நெருப்பு வைத்ததும் கீழேயுள்ள பிஸ்டன் இறங்கும், தண்டு சுழலும். ஆனால் உட்கார்ந்த வரிசையில் அவர்கள் நெருப்பு வைத்ததில்லை. முதலாமவன், அடுத்து மூன்றாமவன், அடுத்து நான்காமவன், எல்லோருக்கும் பிறகு இரண்டாமவன். ரொட்டி வேனில் அதுதான் வழக்கம்.

இரண்டாமவனுக்கு இது பதினான்கு வருடத்து ஆறாத புண். முதலாமவனை ஒட்டி உட்கார்ந்திருக்கிறான். ஆனாலும் தன்னைத் தாண்டிக்கொண்டு அழைப்பு மூன்றாமவனுக்குப் போகும். எல்லோரும் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு கடைசிப் பந்தியில் இலை போடப்பட்டவனைப் போல அவன் காத்திருப்பான்.

அந்த ஞாயிறு மதியம் கோதண்டபாணி புது சிவப்பு ஒயர்களுடன் வந்தார். மின்சாரத்தை முறை வைத்துப் பங்கிடும் வட்டப் பெட்டிக்கு டிஸ்ட்ரிபியூட்டர் என்று பெயர். அதன் நான்கு கொம்புகளிலிருந்து நான்கு பிளக்குகளுக்கும் ஒயர் மாட்ட வேண்டும். எஞ்சினைச் சுத்தம் செய்யும்போதே பழைய ஒயர்களைக் கழற்றி எறிந்தாகிவிட்டது. எஞ்சின் சங்கதி என்பதால் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.

“எப்படி மாட்டப் போறீங்க பாணி?” என்றார் சென்னியப்பன்.

“இதுல யோசிக்க என்னங்க இருக்கு? ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. கவுண்டர்ல இருபத்திரண்டு வருஷமா ஒருத்தனைக்கூட வரிசையில முந்த விட்டதில்லை.”

முதல் கொம்பு முதலாமவனுக்கு. இரண்டாவது கொம்பு இரண்டாமவனுக்கு. ஒயர் ‘டக்’ என்று தலையில் அமர்ந்தபோது இரண்டாமவனுக்கு உச்சந்தலை சிலிர்த்தது.

“டேய், இது சரியில்லையே” என்றான் மூன்றாமவன்.

“புது வண்டி, புது வழக்கம்” என்றான் இரண்டாமவன். “உனக்கு வயிறு எரிகிறது.”

“எனக்கு எரிய வேண்டியது வயிறு இல்லை, பெட்ரோல்.”

டிஸ்ட்ரிபியூட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டது. “நான் எனக்கு மாட்டிவிட்டபடி பங்கிடுகிறேன். என்னைக் குற்றம் சொல்லாதீர்கள்.”

சென்னியப்பன் சாவியைத் திருப்பினார். தண்டு சுழன்றது. முதலாமவன் நெருப்பு வைத்தான், எஞ்சின் உதறிக்கொண்டு எழப் பார்த்தது. அடுத்து இரண்டாமவன் முறை! வாழ்க்கையில் முதல் தடவையாக முதலாமவனின் சூடு ஆறுவதற்குள் அவன் முறை. அவன் பொறியைத் தெறிக்கவிட்டான்.

‘டமார்.’

கார்புரேட்டரின் வாயிலிருந்து ஒரு முழம் நெருப்பு பாய்ந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த கோதண்டபாணியின் வலதுபுற மீசை சுருண்டது. பின்னாலேயே சைலன்சர் துப்பாக்கி போல வெடித்தது. பக்கத்து வீட்டு வேப்பமரத்தில் ஒரு காக்கை மிச்சமில்லை.

“பாணி, உங்களுக்கு இனிமே அரை மீசைதான்” என்றார் பெனாசிர், சிரிப்பை அடக்க முடியாமல்.

“சிரிங்க டாக்டர். நாளைக்கு இந்த மூஞ்சியோடதான் நான் டிக்கெட் குடுக்கணும்.”

மறுபடி திருப்பினார்கள். மறுபடி டமார். ஐந்து தடவை, ஆறு தடவை.

“யாரடா அந்தப் பாவி?” என்று கத்தியது கார்புரேட்டர். “பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டுகிறேன். ஊட்டுகிற கையிலேயே சூடு வைக்கிறீர்களே!”

“இவன்தான் அக்கா” என்றான் மூன்றாமவன். “இவன் அறை புகையை வெளியே விட்டுவிட்டு அப்போதுதான் மூச்சிழுக்க ஆரம்பிக்கிறது. அந்த நேரம் பார்த்து நெருப்பு வைக்கிறான். என் அறையில் மூச்சு முட்ட அடைத்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு அழைப்பு இல்லை. எல்லாம் முடிந்த பிறகு வருகிறது.”

“எனக்கும் அதே கதைதான்” என்றான் நான்காமவன்.

“என்னுடைய முறையில் நான் வைக்கிறேன்” என்றான் இரண்டாமவன். ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை. பொறி விழும்போது தன் அறை காலியாக, தொளதொளவென்று இருப்பது அவனுக்கே தெரிந்திருந்தது. ரொட்டி வேனில் காற்று நெருக்கிக்கொண்டு மேலே ஏறி, ‘வை, வை’ என்று கெஞ்சும். இங்கே ஒன்றும் கெஞ்சவில்லை.

சென்னியப்பன் துணியில் கையைத் துடைத்தார். அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

“எஞ்சின்ல சத்து இல்லீங்க. அவினாசியில ஒருத்தர் வேற எஞ்சின் வெச்சிருக்கார். நாலு மணிக்கு வேன்ல ஏத்திட்டு வரச் சொல்லிட்டேன். அதுக்குள்ள இது எழும்பலைன்னா பழைய இரும்புக்குப் போட்டுரலாம்.”

மஞ்சள் உடம்பு மெல்லக் கேட்டது: “அப்படியென்றால் நீங்கள் என்னோடு வரமாட்டீர்களா?” மணி மூன்று அடித்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

முதலாமவன் இரண்டாமவன் பக்கம் திரும்பினான். அவன் கோபப்படவில்லை. “இந்தச் சாலையை நீ பார்த்தாயா? ஷெட்டிலிருந்து தெரிகிறது. ரொட்டி கசங்கிவிடும் என்று நம்மை ஒரு நாளும் ஓட விட்டதில்லை.”

இரண்டாமவன் பார்த்தான். சாலை மேற்கே நேராகப் போய் வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. அவனால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். தலையிலிருக்கும் ஒயரை விட்டுவிடலாம். விட்டால் கோளாறு எங்கே என்று அவர்கள் தேடிப் பார்ப்பார்கள். ஆனால் இந்த இரண்டாம் இடம் போகும். கெட்ட பிளக் என்று நினைத்துக் குப்பைக்கூடையில் எறிந்தாலும் எறிவார்கள்.

அடுத்த தடவை எஞ்சின் உதறியபோது அவன் பிடியைத் தளர்த்தினான். சிவப்பு ஒயர் கழன்று தொங்கியது.

“ரெண்டாவது ஆடுது அண்ணா” என்றார் பெனாசிர். பிளக்கைக் கழற்றி எடுத்துப் பார்த்தார். உடம்பெல்லாம் கரி.

“சொத்தையா டாக்டர்? தூக்கி எறிங்க” என்றார் சென்னியப்பன்.

“இருங்கண்ணா. பல்லைப் பிடுங்கினா குழியைத் தொட்டுப் பாக்காம நான் விடமாட்டேன்.”

அவனை ஒரு துணியில் படுக்கவைத்துவிட்டு, பிளக் இருந்த துளையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டார். “பேட்டரி வேண்டாம். கையாலயே மெதுவா சுத்துங்க.”

சென்னியப்பன் ஸ்பேனரால் தண்டைச் சுற்றினார். கோதண்டபாணி டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே சுழலும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப... இப்ப தள்ளுது! விரலைத் தூக்குது!” என்று கூவினார் பெனாசிர். “காத்து நெருக்கிட்டு மேல வருது. நெருப்பு இப்பதானே விழணும்? முள்ளு எங்க இருக்கு?”

கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

“நாலாவது கொம்புல.”

“அப்போ ரெண்டாவது ஆளுக்குக் கடைசி முறை.”

“ரெண்டாவதா நிக்கிறவன் எப்படிங்க கடைசி ஆவான்? இது என்ன நியாயம்?” என்றார் கோதண்டபாணி.

“நியாயம் எனக்குத் தெரியாது பாணி. என் விரலு சொல்லுது.”

மற்ற இரண்டையும் அவ்வாறே விரல் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுக்கு அடுத்து மூன்று. அதற்கடுத்து நான்கு. சென்னியப்பன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு கோதண்டபாணியைக் கட்டிக்கொண்டார்.

“விடுங்க, விடுங்க, மீசை எரியுது!”

பெனாசிர் பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றால் இரண்டாமவனைத் தேய்த்துக் கரி போக்கி, அவன் இடத்தில் வைத்து முடுக்கினார். கோதண்டபாணி ஒயர்களை மாற்றி மாட்டினார். நான்காவது கொம்பின் ஒயர் தலையில் அமர்ந்தபோது இரண்டாமவன் கண்ணை மூடிக்கொண்டான்.

சாவி திரும்பியது. முதலாமவன் வைத்தான். மூன்றாமவன் வைத்தான். நான்காமவன் வைத்தான். இரண்டாமவனின் அறையில் காற்று நெருக்கிக்கொண்டு மேலே ஏறி வந்து ‘வை, வை’ என்றது. அவன் வைத்தான்.

எஞ்சின் எழுந்தது. ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. மூவரும் ஒரே நேரத்தில் ஏதோ கத்தினார்கள். யார் காதிலும் எதுவும் விழவில்லை. சென்னியப்பன் போன் செய்து அவினாசி வேனைத் திரும்பிப் போகச் சொன்னார். அவர் சொன்னது அங்கே கேட்டதோ என்னவோ, சிரித்தது கேட்டிருக்கும்.

இருக்கை இன்னும் பொருத்தவில்லை. தீவன மூட்டையை மடித்துப் போட்டு சென்னியப்பன் உட்கார்ந்தார். பக்கத்தில் பெனாசிர். கோதண்டபாணி பாதி திறந்திருந்த ஷெட் கதவை முழுதாகத் தள்ளித் திறந்துவிட்டு, “என்னை விட்டுட்டுப் போறீங்களா? அடுத்த ட்ரிப் எனக்குத்தான், இப்பவே முன்பதிவு பண்ணிக்கிறேன்!” என்று பின்னாலேயே ஓடினார்.

மஞ்சள் கார் சாலையேறியது. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று, இரண்டாயிரம், மூவாயிரம். மூன்றாமவன் பாட, நான்காமவன் விசிலடித்தான். கார்புரேட்டர் “குடியுங்கள், குடியுங்கள்” என்று ஊட்டிக்கொண்டிருந்தது. காற்று எதிரே வந்து முட்டி இரண்டாகப் பிளந்தது.

“கடைசியாக இருப்பது எப்படி இருக்கிறது?” என்று அந்த இரைச்சலில் கத்திக் கேட்டான் முதலாமவன்.

“கடைசியா?” என்றான் இரண்டாமவன். “அண்ணா, ஒவ்வொரு தடவையும் நான் வைத்த பிறகுதானே நீ வைக்கிறாய்!”