வாயால் கொடுத்த கரம்பு

வாயால் கொடுத்த நிலத்துக்குக் காகிதம் ஏது? "இந்தக் கரம்பைத் திருத்திக்கோ, இனி இது உன்னுது" என்று பண்ணையார் வேதாசலத்தின் அப்பா தன் பண்ணையாள் கன்னியப்பனிடம் சொன்னார். அந்த ஒரு சொல்லை நம்பி, அவனும் பெண்டாட்டி உண்ணாமலையும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகாமல், பதினெட்டு வருஷம் பாறை உடைத்துக் கிணறு வெட்டினார்கள். தண்ணீர் கண்ட வாரமே கிணறு சரிந்து கன்னியப்பன் செத்தான்.

பெரியவரும் போய்ச் சேர்ந்த பிறகு, வேதாசலம் பஞ்சாயத்தைக் கூட்டினார்.

"சும்மா குடியிருக்க விட்டோம். பத்திரம் இருந்தா காட்டு, இல்லாட்டி காலி பண்ணு."

உண்ணாமலை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "பத்திரம் இல்லீங்க சாமி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பண்ணையாளு செத்தா உங்க நிலத்துல புதைக்க விடுவீங்களா?"

வேதாசலம் மீசையைத் தடவினார். "என்னடி கேள்வி இது? ஏழு தலைமுறையா எங்க மண்ணுல வேத்தாளைப் புதைச்சதில்ல. எங்கப்பாவா விடுவாரு?"

"அப்ப எம் புருஷனைக் கிணத்தோரமா புதைச்சப்போ, உங்கப்பாதானே கூட நின்னு இடம் காட்டினாரு? ஊரே பாத்துச்சே. அது யாரு நிலம் சாமி?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நிலம் அவளுக்கே என்று பஞ்சாயத்தார் எழுதிக் கொடுத்தார்கள்.

"கெட்டிக்காரிதான் போ! எப்பேர்ப்பட்ட சாட்சி!" என்றாள் வழியில் பக்கத்து வீட்டுக்காரி.

"இந்தச் சாட்சி இல்லாம நான் தோத்தே போயிருக்கலாம்க்கா," என்றாள் உண்ணாமலை. "சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு எம் புருஷன் எனக்கு முன்னால நடந்திருப்பாரு."