வெள்ளைக் கிளை

மழை தன் பேரையே மறந்திருந்த ஒரு காலத்தில், கடலோரத்து ஊரொன்றில் ஒரு ஆஸ்பத்திரி இருந்ததாம். சிறுநீரகம் நின்றுபோனவர்களைப் பார்க்கிறவள் டாக்டர் யூஜினா. அவளிடம் தொழில் கற்றவன் பொன்னுரங்கம். வயதில் அவன்தான் மூத்தவன். ஆனாலும் அவள் குரு, அவன் சீடன்.

அவனுடைய அக்கா அஞ்சலாட்சியும் அங்கே நோயாளி. எலும்பெல்லாம் வலி.

"காலையிலேர்ந்து வெயில்ல கெடந்தேன்டா. கருவாடா ஆனதுதான் மிச்சம்."

"வெயில் உடம்புக்குள்ள இறங்கினாலும், அதை எலும்புக்கு ஆகிற சத்தா மாத்துறது சிறுநீரகம்க்கா. உனக்கு அது நின்னுபோச்சே. அதான் மாத்தின சத்தையே மாத்திரையா தர்றோம்."

"அப்ப கூடத்தான் தாயேன், கஞ்சப்பயலே!"

யூஜினா எழுதியது நாளைக்கு ஒரு மாத்திரை. தம்பி கொடுத்தது இரண்டு. மாதங்கள் போயின. வலி கொஞ்சம் அடங்கியது என்றாள் அக்கா. அவனுக்கு ஆசை வந்துவிட்டது.

"மேடம், அக்காவுக்கு மாத்திரையைக் கூட்டலாமா?"

யூஜினா எக்ஸ்ரே படம் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

ஒரு கை. விரலெலும்புகள் பனிமூட்டத்துக்குள் நிற்கிறவை போல மங்கியிருந்தன. எலும்பே இல்லாத இடத்தில், மணிக்கட்டிலிருந்து விரல்வரை, வெள்ளையாக ஒரு கிளை படர்ந்திருந்தது.

"இது என்ன, செடி மாதிரி?"

"ரத்தக்குழாய்."

"அது எக்ஸ்ரேயில தெரியாதே மேடம்."

"சுண்ணாம்பு ஏறினா தெரியும்."

"யார் கை?"

அவள் அவனை அஞ்சலாட்சியின் கட்டிலுக்கு அழைத்துப் போனாள். அவன் விரலைப் பிடித்து அக்காவின் மணிக்கட்டு நாடியில் வைத்தாள்.

அழுத்தினான். அமுங்கவில்லை. தோலுக்கடியில் காய்ந்த சுள்ளி ஒன்று உருண்டது. சுள்ளிக்குள் ஏதோ துடித்தது.

"என்னடா, ரேகை பாக்குறியா? எனக்கு ஆயுசு எப்படி?" அக்கா சிரித்தாள்.

அவன் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான்.

வராந்தாவில் யூஜினா சொன்னாள்: "ரெண்டு ரெண்டா கொடுத்திருக்கீங்க. அது இழுத்த கால்சியம், அந்தச் சுண்ணாம்புதான், ரத்தத்துல எகிறியிருக்கு. இன்னைக்கிலேர்ந்து மாத்திரை கிடையாது."

"அந்தக் கை... பழையபடி ஆகுமா?"

"ஏறினது இறங்காது. மேல ஏறாமப் பாக்கலாம்."

"எலும்புக்குத்தானே மேடம் கொடுத்தேன்?"

"நீங்க எலும்புக்குத்தான் கொடுத்தீங்க. எலும்பு எதுன்னு அந்தச் சுண்ணாம்புக்கு யார் சொன்னா?"

அவள் அடுத்த நோயாளியிடம் போய்விட்டாள்.

"டேய், என் மாத்திரை எங்கடா?" உள்ளேயிருந்து அக்காவின் குரல்.

பொன்னுரங்கம் வெறுங்கையோடு உள்ளே நடந்தான்.