அக்கரையில் யாரு இருக்கா?

காட்டோரக் குளம் ஒன்றில் ஆமையும் நீர்க்கோழியும் இருந்தன. கரையில் நின்ற மருதமரத்தில் அணிலும் மைனாவும் இருந்தன. எல்லாம் ஒரே தண்ணீரைத்தான் குடித்தன. ஆனால் ஒன்றோடு ஒன்று பேசாது. ஆளுக்கொரு மூலை!

மழைக்கால வெள்ளம் மொட்டையன் என்ற தேரையை இங்கே அடித்துக்கொண்டு வந்தது. அதன் சொந்தபந்தமெல்லாம் அது முன்பு இருந்த மேட்டுக் குளத்திலேயே தங்கிவிட்டது. மொட்டையன் வலியப் போய்ப் பேசிப் பார்த்தது. நீர்க்கோழி முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது. ஓட்டோடு என்ன பேசுவது?

கோடை வந்தது. மொட்டையனுக்குத் தனிமை தாங்கவில்லை. "நாளைக்கு மேட்டுக் குளத்துக்கே போறேன்" என்று முடிவு செய்தது. வழியெல்லாம் கொதிக்கும் பாறை. தேரையின் தோல் அதைத் தாங்காது. அதுவும் மொட்டையனுக்குத் தெரியும்.

அன்று மாலை மைனா வழக்கம்போல் பாடியது. அந்தக் காட்டின் பழைய பாட்டு அது.

"அக்கரையில் யாரு இருக்கா?
நான் இருக்கேன், நான் இருக்கேன்!"

கேள்வியையும் மைனாவே பாடும், பதிலையும் மைனாவே பாடும். சுருதி இம்மியும் பிசகாது. அணில் கொட்டாவி விட்டது. அவ்வளவுதான் கச்சேரி.

"மைனாக்கா, இந்தப் பாட்டு எங்க குளத்துலயும் உண்டு. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாடிக்கட்டுமா?" என்று மொட்டையன் கேட்டது.

"உன் தொண்டைக்குப் பாட்டு வேறயா? சரி, பாடித் தொலை!"

மொட்டையன் கரைக்கல்லில் ஏறியது. கரகரத்த குரலில் பாடியது.

"அக்கரையில் யாரு இருக்கா?"

பாடிவிட்டு நிறுத்தியது. குளம் அசையாமல் கிடந்தது.

"அடுத்த அடி மறந்துபோச்சா?" மைனா சிரித்தது.

"மறக்கலக்கா. அது நான் பாடுற அடி இல்ல. அக்கரையில் இருக்கிறவங்க பாடணும். எங்க குளத்துல அப்படித்தான்."

மொட்டையன் மறுபடி பாடியது. மறுபடி காத்திருந்தது. ஒரு சத்தமும் இல்லை. கல்லை விட்டு இறங்கத் திரும்பியது.

அப்போது அக்கரைக் கோரைப்புல்லில் இருந்து ஒரு குரல் தடுமாறி வந்தது.

"நான்... நான் இருக்கேன்!"

ஆமை! அதற்குக் குரல் உண்டு என்பதே அணிலுக்கு அன்றுதான் தெரிந்தது.

"நானும் இருக்கேன்!" என்று நீர்க்கோழி கத்தியது. "அட, நானுந்தான்!" என்று அணில் கிளையில் குதித்தது. எவருக்கும் சுருதி சேரவில்லை. ஆனால் குளம் முழுக்கப் பாட்டாக இருந்தது.

மைனா மட்டும் வாய் திறக்கவில்லை. இத்தனை காலம் கேட்டதும் தானே, பதில் சொன்னதும் தானே! ஒரு நாளும் தன்னைப் பார்த்து 'யாரு இருக்கா' என்று யாரும் கேட்டதில்லை என்று நினைத்தபோது அதற்கு அழுகை வந்தது.

மொட்டையன் மரத்தைப் பார்த்து நிமிர்ந்தது. "மேலே மரத்துல யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்டா!" என்றது மைனா. அதன் சுருதி முதன்முறையாகப் பிசகியது.

மறுநாள் மொட்டையன் எங்கும் போகவில்லை.

பிறர் பதில் சொல்ல இடம் விட்டுப் பாடுகிறவனிடமே பழைய பாட்டு உயிர் பெறும். அவனுக்கே துணையும் கிடைக்கும்.