ஆட்காட்டியின் குரல் கிழிந்த கதை

அந்தக் காலத்தில், பறவைகளுக்கெல்லாம் பேச்சு இருந்தபோது, ஆட்காட்டிக்கு ஆட்காட்டி என்ற பெயர் கிடையாது. செம்பூர்க் கண்மாயில் அவளை ஒச்சாயி என்று கூப்பிடுவார்கள். அவள் குரல் அப்போது அவ்வளவு இனிமை. கூட்டம் கூட்டுவது அவள் வேலை. யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அவளிடம் வந்து கேட்பார்கள். அவள் கரையில் நின்று ஒரு குரல் கொடுத்தால், இரை தேடுகிறவர்களும் அடைகாக்கிறவர்களும் போட்டது போட்டபடி வந்துவிடுவார்கள்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. கண்மாய் வற்றி, நடுவில் குட்டையாகச் சுருங்கியது. மீன் அற்றுப்போனது. முங்காண்டி என்ற நீர்க்காகத்தின் குஞ்சுகள் இரையில்லாமல் கூட்டிலேயே செத்தன. அவன் ஒச்சாயியிடம் வந்து, ஊரைக் கூப்பிடு, என் வயிற்றெரிச்சலைச் சொல்ல வேண்டும் என்றான். அவள் இரக்கப்பட்டுக் கூப்பிட்டாள்.

குட்டையின் நடுவில் ஒரு பட்ட மரத்தின் கட்டை நின்றது. முங்காண்டி அதன்மேல் ஏறி, ஈரச் சிறகுகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு பேசினான். செத்த குஞ்சுகளைப் பற்றி அவன் சொன்னபோது அழாதவர்கள் இல்லை. ஒச்சாயியும் அழுதாள்.

அடுத்த கூட்டத்தில் அவன் அழவில்லை. நம் மீனையெல்லாம் யார் தின்றது என்று கேட்டான். அதற்கடுத்த கூட்டத்தில் பதிலையும் அவனே சொன்னான். கண்மாய் நடுவே கருவேல மரத்தில் கூடு கட்டியிருந்த நத்தைக்குத்தி நாரைகளைக் காட்டினான். எங்கிருந்தோ வந்தவர்கள், இவர்கள் வந்த பிறகுதான் தண்ணீர் வற்றியது என்றான்.

அந்த நாரைகளில் மூக்காயி என்பவள் ஒச்சாயிக்கு நெருக்கம். நத்தையை உடைத்துத் தின்னும்போது ஒரு துண்டைக் கரையில் இவளுக்கென்று போட்டுவிட்டுப் போவாள். மூக்காயி கூட்டத்திலேயே எழுந்து, நாங்கள் நத்தையைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை, எங்கள் அலகில் மீன் நிற்காது என்று பொறுமையாகச் சொன்னாள்.

"அந்த அலகைப் பாருங்க," என்றான் முங்காண்டி. "வாயை மூடினாலும் நடுவுல சந்து தெரியுது. நேரா மூடாத வாய் நேராப் பேசுமா? அந்தச் சந்துக்குள்ள யார் முட்டையெல்லாம் போகுதோ."

கூட்டம் சிரித்தது. அன்றிலிருந்து நாரைகளுக்குச் சந்துவாய் என்று பெயர் விழுந்தது. அவை தண்ணீருக்கு இறங்கினால் கொக்குகள் வழிவிடவில்லை. முந்தின மாதம்வரை நாரைகளோடு ஒரே கிளையில் உட்கார்ந்திருந்த வக்கா என்ற இராக்கொக்கு, தன் கூட்டைப் பிரித்துக்கொண்டு வேறு கிளைக்குப் போனது.

ஒச்சாயிக்கு உள்ளுக்குள் திகிலாக இருந்தது. கண்மாய்க்குத் தலைவர் கூழைக்கடா. அவள் அவரிடம் போய், முங்காண்டி பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள்.

"பேசத்தானே செய்யிறான்," என்றார் அவர். "யார் இறகாவது உதிர்ந்துதா? இன்னைக்கு அவன் வாயைக் கட்டினா, நாளைக்கு எனக்குப் பிடிக்காததைப் பேசுற எல்லார் வாயையும் கட்டச் சொல்லும் இந்த நாற்காலி. அதுக்கு நான் ஆள் இல்லை தாயி."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் திரும்பிவிட்டாள்.

சில நாள் கழித்து, சாயங்கால வெயிலில் முங்காண்டி வந்தான். நாரைகளெல்லாம் வயல்பக்கம் இரைக்குப் போயிருந்த நேரம். எல்லாரையும் கூப்பிடு என்றான். அவன் குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது.

"என்ன சொல்லப் போறீங்க அண்ணே?"

"கூப்பிடுறது உன் வேலை. என்ன சொல்றேங்கிறது என் வேலை."

கருவேல மரத்தில் மூக்காயியின் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு காத்திருப்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. நான் கூப்பிடாவிட்டால் இவன் வேறு ஆளை வைத்துக் கூப்பிடப்போகிறான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். கூப்பிட்டாள்.

முங்காண்டி அதிகம் பேசவில்லை. சிறகை விரித்தான். "சொல்லிப் பார்த்தாச்சு, போகலை. மரம் இப்ப காலியா இருக்கு. அதுல அடுத்த வருஷத்துச் சந்துவாய்கள் மட்டும்தான் இருக்கு," என்றான். அவ்வளவுதான். கட்டையைவிட்டு அவன் நகரவே இல்லை. காக்கைகளும் கொக்குகளும் வக்காக்களும் ஒரே மூச்சில் எழுந்தன. சுள்ளிகளும் முட்டைகளும் குஞ்சுகளும் சேற்றில் விழுந்தன. ஒச்சாயி போதும், போதும் என்றாள். அந்த இனிமையான குரல் யார் காதிலும் ஏறவில்லை.

மூக்காயி அலகில் நத்தையோடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சேற்றுக்குள் நின்று வெகுநேரம் தேடினாள். பிறகு ஒச்சாயி பக்கம் திரும்பினாள்.

"உன் சத்தம் கேட்டுச்சு அக்கா. எங்களையும் சேர்த்துத்தான் நீ கூப்பிடுறேன்னு நினைச்சு வேகமா வந்தேன்."

மற்ற நாரைகளோடு அன்றே கண்மாயைவிட்டுப் பறந்துவிட்டாள்.

மறுநாள் பஞ்சாயத்து கூடியது. முங்காண்டி தன் கால்களை நீட்டிக் காட்டினான். இதில் சேறு இருக்கிறதா, நான் ஒரு சுள்ளியைத் தொட்டேனா என்று கேட்டான். தொட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கூழைக்கடா நடுங்கிப்போயிருந்தார். இனிமேல் இந்தக் கண்மாயில் யாரும் கூட்டத்தில் பேசக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்.

"அது வேண்டாம் பெரியவரே," என்றாள் ஒச்சாயி. "அப்புறம் பசிக்குதுன்னு யார் சொல்றது? நீங்க செஞ்சது தப்புன்னு யார் சொல்றது? எல்லாரும் பேசட்டும், ஏசட்டும். ஆனா ஒரு கூட்டைக் காட்டிக் கிளம்புங்கன்னு ஒருத்தன் சொன்னா, அந்தச் சொல்லை நான் யார் காதிலும் விழ விடமாட்டேன்."

"எது அந்தச் சொல்லுன்னு நீ எப்படிக் கண்டுபிடிப்ப?"

"சில சமயம் தப்பாத்தான் கண்டுபிடிப்பேன். தப்பாக் கத்தினதுக்கு என்னைத் திட்டுங்க. கத்தாம இருந்ததை நேத்துப் பார்த்தாச்சு."

முங்காண்டி சிரித்தான். அங்கேயே கட்டைமேல் ஏறினான். கரையோர நாணலில் நீர்க்கோழிகளின் கூடுகள் இருந்தன. அவற்றின் பக்கம் சிறகை நீட்டி, இன்னும் இதுகள் மிச்சமிருக்கு என்று தொடங்கினான். ஒச்சாயி எழும்பி அவன் தலைக்குமேல் வட்டமடித்தாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அவன் சத்தத்தைக் கூட்டினான். அவள் அதற்குமேல் கத்தினாள். அவளுடைய குரல் கிழிந்தது. கிழிந்த குரலோடு மறுபடியும் கத்தினாள். அவன் சொன்ன ஒரு சொல்லும் யாருக்கும் கேட்கவில்லை. கூட்டம் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. பிறகு, எதற்கோ பயந்ததுபோல, ஒவ்வொருவராகத் தங்கள் தங்கள் கூட்டைப் பார்க்கப் பறந்தார்கள். வெயில் ஏறும்வரை முங்காண்டி தனியாகப் பேசிக்கொண்டிருந்தான்.

கிழிந்த குரல் பிறகு சேரவே இல்லை. அன்று முதல்தான் அவள் இனத்துக்கு ஆட்காட்டி என்று பெயர் வந்தது. பாம்போ நாயோ வேட்டைக்காரனோ, வரப்பில் சும்மா நடந்து போகிற ஆளோ, யார் எந்தக் கூட்டுப்பக்கம் அடியெடுத்து வைத்தாலும் அது தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. பல நேரம் அது வீண் கத்தல்தான். ஆனாலும் கண்மாயில் எந்தப் பறவையும் அதை வாயை மூடச் சொல்வதில்லை.